கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ சிஆர்எம், மைக்ரோசாஃப்ட் 365: நாட்காட்டியையும் தொடர்புகளையும் எப்படி இணைப்பது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகம். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். எல்லாருடைய மின்னஞ்சலும் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. விற்பனைப் பிரிவில் உள்ள ஐந்து பேர் ஜோஹோ சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் உறவுகளைப் பேணும் மென்பொருள்) வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கிறார்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் மேலாளருக்கு மட்டும், வெளிநாட்டு வாடிக்கையாளரின் சார்பில் இயங்கும் பையிங் ஏஜென்சி தன்னுடைய மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. எங்கே குறித்தாலும் ஒரு சந்திப்பு மூன்று இடத்திலும் தெரிய வேண்டும், யார் சேர்த்தாலும் ஒரு வாடிக்கையாளரின் எண் எல்லாருடைய கைபேசிக்கும் வர வேண்டும், இதற்கு எந்த ஒத்திசைவு (சிங்க்) மென்பொருளை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருள் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். உங்கள் அளவிலான அலுவலகத்துக்குத் தனியாக எதுவும் தேவைப்படாது என்பதே என் கணிப்பு. நீங்கள் கேட்டிருப்பது ஒரே வேலை போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: கூகுளுக்கும் சிஆர்எம்முக்கும் இடையே நாட்காட்டி, அதே இரண்டுக்கும் இடையே தொடர்புகள், கூகுளுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் இடையே நாட்காட்டி. முதலாவதை இருவழியாக, அதாவது எந்தப் பக்கம் மாற்றினாலும் மறுபக்கமும் மாறும்படி, இணைக்கலாம். இரண்டாவதை ஒருவழியாக மட்டுமே இணைக்க வேண்டும். மூன்றாவதுக்கு ஒத்திசைவே வேண்டாம், அழைப்பிதழும் பார்வை இணைப்பும் போதும். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைச் சொன்னால்தான் அமைக்கும் முறையும் விளங்கும்.

ஒத்திசைவு என்ற சொல்லை நகல் எடுப்பது என்று புரிந்துகொள்வதில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. நகல் எடுத்தால் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று கிழிந்தால் மற்றது இருக்கும். இருவழி ஒத்திசைவில் அப்படியில்லை. சேர்த்தது போகும், திருத்தியது போகும், அழித்ததும் போகும். சில ஆண்டுகளுக்கு முன் நான் கவனித்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், வேலையை விட்டுப் போகிற ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், தம் கைபேசியிலிருந்த அலுவலகத் தொடர்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் காலை விற்பனைப் பிரிவில் எவர் திரையிலும் வாடிக்கையாளர் பெயர் ஒன்றுகூட இல்லை. கைபேசி கூகுளுக்குச் சொன்னது, கூகுள் சிஆர்எம்முக்குச் சொன்னது, சிஆர்எம் மற்ற நால்வருக்கும் சொன்னது. ஒவ்வொன்றும் தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது. குப்பைத்தொட்டியிலிருந்து மீட்க முடிந்ததால் பிழைத்தோம். ஆனாலும் எந்தத் தொடர்பு எந்தப் பேரத்தோடு இணைந்திருந்தது என்பதைச் சரிபார்க்க ஒரு வாரம் ஆயிற்று. கூகுள் தொடர்புகளில் அழித்தவை 30 நாள்களும் ஜோஹோ சிஆர்எம்மின் ரீசைக்கிள் பின்னில் 60 நாள்களும் இருக்கும் என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் எது சொந்த வீடு என்பதை. உங்கள் நிலையில் வாடிக்கையாளர் தொடர்புகளுக்குச் சொந்த வீடு சிஆர்எம். சந்திப்புகளுக்குச் சொந்த வீடு கூகுள் காலெண்டர். இரண்டு பதிவுகள் முரண்படும்போது சொந்த வீட்டில் இருப்பதே செல்லும் என்பதை ஒரு தாளில் எழுதி, அலுவலகத்தில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். ஒத்திசைவை அமைக்கும் திரையில் முரண்பாடு வந்தால் எந்தப் பக்கத்தை ஏற்பது என்ற கேள்வி வரும். அங்கே தயங்காமல் பதில் சொல்ல இந்தத் தாள் உதவும்.

இரண்டாவது விதி, இரு கணக்குகளுக்கு இடையே ஒரே ஒரு பாலம், அதாவது ஒரே ஒரு ஒத்திசைவு இணைப்பு. சிஆர்எம்மில் உள்ள ஒத்திசைவு ஒரு பக்கம், யாரோ சொன்னார்கள் என்று நிறுவிய மூன்றாம் தரப்புக் கருவி மறுபக்கம் என்று இரண்டும் ஓடினால், ஒரு பாலம் கொண்டுபோன பதிவை மற்றொரு பாலம் புதிய பதிவு என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவரும். அது மீண்டும் போகும், மீண்டும் வரும். ஒரு பெயர் நான்காகி, நான்கு பதினாறாகும். ஓர் உறையில் இரண்டு வாள் வைக்கக் கூடாது என்பது இதற்குச் சரியாகப் பொருந்தும். உங்கள் ஊழியர்களின் கைபேசிகளில் முன்பு எப்போதோ நிறுவிய ஒத்திசைவுச் செயலிகள் கிடக்கின்றனவா என்பதைப் பார்த்து, அவற்றின் அனுமதியைக் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், மூன்றாம் தரப்பு இணைப்புகள் என்ற பகுதியில் நீக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். செயலியைக் கைபேசியிலிருந்து அழிப்பது மட்டும் போதாது. பல செயலிகள் தங்கள் சர்வரிலிருந்து வேலை செய்பவை.

அனுமதியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நிர்வாகி செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு மென்பொருளில் தட்டச்சு செய்தால் இணைந்துவிடும். அந்தக் காலம் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்ற தன் மின்னஞ்சல், நாட்காட்டிச் சேவையில் 2022 அக்டோபர் முதல் அந்த முறையை நிறுத்தத் தொடங்கியது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்குகளில் 2025 மே மாதத்தோடு அது முடிவுக்கு வந்தது. இப்போது ஓஆத் என்ற முறையில், மென்பொருள் உங்களைக் கூகுளின் சொந்த உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பி, எதையெதைப் பார்க்கலாம், எதையெதைத் திருத்தலாம் என்று அனுமதி கேட்கும். பழைய வழிகாட்டிகளில் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்று எழுதியிருந்தால் அதை அப்படியே மூடிவிடுங்கள். ஊழியர் அனுமதி கொடுக்கும்போது உங்கள் நிர்வாகி தடுத்திருக்கிறார் என்று செய்தி வந்தால், வொர்க்ஸ்பேஸ் அட்மின் கன்சோலில் பாதுகாப்புப் பிரிவின் கீழே உள்ள ஏபிஐ கட்டுப்பாடுகள் பகுதியில் அந்தச் செயலியை நம்பகமானதாகக் குறிக்க வேண்டும். இந்த ஒரு படியை அறியாமல் நாள்கணக்கில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜோஹோ பக்கத்தில் ஒரு சிறு பொறி உண்டு. ஜோஹோவின் தரவு மையங்கள் பகுதிக்குப் பகுதி தனித்தனி. இந்திய மையத்தில் திறந்த கணக்கும் அமெரிக்க மையத்தில் திறந்த கணக்கும் வெவ்வேறு முகவரிகளில் இயங்குகின்றன, ஒன்றின் நிறுவனத்தில் மற்றொன்றின் பயனரைச் சேர்க்க முடியாது. ஐந்து பேரும் ஒரே மையத்தில் இருக்கிறார்களா என்பதை உள்நுழைந்தபின் உலாவியின் முகவரிப் பட்டையைப் பார்த்தே அறியலாம்.

இனி தொடர்புகள். இதில்தான் உங்களுக்கு அதிக வேலை. ஒத்திசைவை அமைப்பதற்குப் பத்து நிமிடம் போதும், அதற்கு முன் சுத்தம் செய்யத்தான் இரண்டு மூன்று நாள் ஆகும். சுத்தம் செய்யாமல் இணைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை.

முதலில் பெயர். தொடர்பு விவரங்களைப் பரிமாறும் வீகார்ட் என்ற பொது வடிவம் உட்பட எல்லா மென்பொருள்களும் ஒரு பெயரைக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரித்தே வைக்கின்றன. நமக்கோ குடும்பப் பெயர் வழக்கமில்லை; தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ஜோஹோ சிஆர்எம்மில் கடைசிப் பெயர் என்ற கட்டம் கட்டாயம் நிரப்பப்பட வேண்டியது. அதனால் ஒருவர் செந்தில்குமார் என்பதைக் கடைசிப் பெயரிலும் கே என்பதை முதல் பெயரிலும் போடுவார். மற்றொருவர் நேர்மாறாகப் போடுவார். மூன்றாமவர் செந்தில் என்பதையும் குமார் என்பதையும் பிரித்துவிட்டு, முதலெழுத்தை விட்டுவிடுவார். கூகுளுக்குப் போய்ச் சேரும்போது ஒரே மனிதர் மூன்று பேராக நிற்பார். கைபேசியில் கடைசிப் பெயர்வாரியாக வரிசைப்படுத்தியிருந்தால் அவர்கள் மூன்று வெவ்வேறு மூலைகளில் நிற்பார்கள். என் பரிந்துரை, முழுப் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் முதலெழுத்தை முதல் பெயர்க் கட்டத்திலும் வைப்பது. முறைப்படி இது சரியா தவறா என்பது வேறு விஷயம். கட்டாயக் கட்டம் நிரம்பிவிடும், அழைப்பு வரும்போது திரையில் கே. செந்தில்குமார் என்று நாம் சொல்லும் வரிசையிலேயே பெயர் தெரியும். எந்த முறையானாலும் ஐந்து பேரும் ஒன்றையே பின்பற்ற வேண்டும்.

அடுத்தது எண். ஒரே எண்ணை ஒருவர் முன்னால் பூச்சியம் போட்டு எழுதியிருப்பார், ஒருவர் வெறும் பத்து இலக்கமாக எழுதியிருப்பார், ஒருவர் நாட்டுக் குறியீடு 91-ஐச் சேர்த்திருப்பார். எண்ணைக் கொண்டு இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களில் பல, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுபவை. அவற்றுக்கு இவை மூன்றும் மூன்று எண்கள். கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண் என்ற உலகப் பொது வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அதில் அதிகபட்சம் 15 இலக்கங்கள்தான் வரும். ஜெர்மனியிலிருந்தோ நெதர்லாந்திலிருந்தோ அழைக்கும் வாடிக்கையாளரின் பெயர் திரையில் தெரிவதற்கும் இதுவே வழி.

இந்தச் சுத்தத்தை எக்ஸலில்தான் செய்வீர்கள் என்பதால் எக்ஸல் செய்யும் இரண்டு குறும்புகளையும் சொல்லியாக வேண்டும். கூகுளிலிருந்தோ சிஆர்எம்மிலிருந்தோ வெளியே எடுத்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைப் பட்டியல்) இரட்டைச் சொடுக்கால் திறந்தால், பன்னிரண்டு இலக்கம் கொண்ட கைபேசி எண்ணை எக்ஸல் ஒரு பெரிய தொகையாகக் கருதி 9.19 பெருக்கல் பத்தின் பதினொன்றாம் அடுக்கு என்ற பொருள்பட அறிவியல் குறியீட்டில் காட்டும். காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. அதை மீண்டும் சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்தது மட்டுமே கோப்பில் எழுதப்படும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். ஒரு நெடுவரிசை முழுக்க ஒரே எண்ணாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. இரண்டாவது, பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தால் அதே இரட்டைச் சொடுக்கில் அவை புரியாத குறிகளாக மாறிவிடும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: கோப்பை நேரடியாகத் திறக்காமல், டேட்டா பட்டியலில் உள்ள உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வசதியின் வழியாக எடுத்து, எழுத்துக் குறியாக்கம் 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, எண் நெடுவரிசையை உரை வகையாகக் குறித்துவிட்டுத் தொடருங்கள். திருத்துவதற்கு முன் கூகுள், சிஆர்எம் இரண்டிலிருந்தும் எடுத்த மூலக் கோப்புகளைத் தொடாமல், தேதி இட்டு, வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள். மேலே சொன்ன அழிவுக்கு உண்மையான காப்பு அந்த இரண்டு கோப்புகள்தான்.

சுத்தம் முடிந்ததும் சிஆர்எம்மிலிருந்து கூகுளுக்கு மட்டும் போகும்படி ஒருவழியாக அமையுங்கள். ஐந்து பேரும் இருவழியாக இணைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவருடைய கூகுள் கணக்கிலும் அதே வாடிக்கையாளர் ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் இருப்பார். மின்னஞ்சல் முகவரி பொருந்தாவிட்டால் ஐந்து பதிவுகளும் சிஆர்எம்முக்குள் வந்து உட்காரும். கூடவே மாமியார் வீட்டு எண், பல் மருத்துவர், பால்காரர், பிள்ளையின் பள்ளி வேன் ஓட்டுநர் எல்லாரும் விற்பனைப் பட்டியலில் சேருவார்கள். இது வேடிக்கை மட்டுமல்ல. ஊழியரின் சொந்தத் தொடர்புகளை நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஏற்றுவது தனியுரிமைச் சிக்கல். 2023-இல் இயற்றப்பட்ட இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையும், ஐரோப்பிய வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல.

கூகுளிலிருந்து சிஆர்எம்முக்கும் சில பெயர்கள் போக வேண்டும் என்றால் ஒரு லேபிளை உருவாக்கி, அந்த லேபிளில் உள்ளவை மட்டும் போகும்படி வடிகட்டுங்கள்; உங்கள் சிஆர்எம் திரையில் அப்படி வடிகட்டும் வசதி இல்லையென்றால், புதிய வாடிக்கையாளரைச் சிஆர்எம்மின் கைபேசிச் செயலியிலேயே சேர்ப்பது என்ற பழக்கத்தை ஏற்படுத்துவதே மேல். கண்காட்சியில் நின்றுகொண்டு விசிட்டிங் கார்டு வாங்கும் ஊழியருக்கு இது தொடக்கத்தில் எரிச்சலூட்டும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்ற பட்டியலையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கூகுளில் ஒருவருக்கு எத்தனை மின்னஞ்சல் முகவரிகளையும் வைக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக்கில் வழக்கமான இடம் மூன்றுக்குத்தான். சிஆர்எம்மில் முதன்மை, இரண்டாம் நிலை என்று இரண்டு. அதிகமாக இருப்பவை போகும் வழியில் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.

முதல் முறை இயக்கும்போது பத்துப் பெயர்களோடு நிறுத்துங்கள். அந்தப் பத்தில் தமிழில் எழுதிய பெயர் ஒன்று, முதலெழுத்து உள்ள பெயர் ஒன்று, வெளிநாட்டு எண் ஒன்று, இரண்டு மின்னஞ்சல் உள்ளது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அவை கைபேசியில் எப்படி வந்து சேருகின்றன என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மற்றவற்றைத் திறந்துவிடலாம்.

நாட்காட்டிக்கு வருகிறேன். கூகுள் காலெண்டருக்கும் சிஆர்எம்முக்கும் இருவழி என்று சொன்னேன். இங்கே அது பொருந்துவதற்குக் காரணம், சந்திப்பு என்பது ஒருவருக்குச் சொந்தமானது, காலம் கடந்தால் அதன் மதிப்பும் குறைந்துவிடுகிறது, தவறினாலும் சேதம் சிறிது. ஒவ்வொரு விற்பனை ஊழியரும் தம் சிஆர்எம் கணக்கிலிருந்து தம் கூகுள் கணக்கை இணைக்க வேண்டும். நிர்வாகி எல்லாருக்குமாக ஒரே கூகுள் கணக்கை இணைத்துவிட்டால் ஐந்து பேருடைய சந்திப்புகளும் ஒருவர் தலையில் விழும். முதன்மை நாட்காட்டியை அப்படியே இணைக்காமல், வாடிக்கையாளர் சந்திப்பு என்று கூகுளில் ஒரு தனி நாட்காட்டி தொடங்கி அதை இணைக்க முடிந்தால் நல்லது. ஊழியரின் மருத்துவர் நேரமும் கோவில் நேர்த்திக்கடனும் மேலாளரின் அறிக்கையில் ஏறாது. பழைய நிகழ்வுகளை எவ்வளவு தூரம் பின்னோக்கி எடுப்பது என்ற கேள்வி வந்தால், இன்று முதல் என்று தொடங்குங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய சந்திப்பு யாருக்கு வேண்டும்?

இதில் உள்ள உண்மையான ஆபத்து அழைப்பிதழ். ஐகேலண்டர் என்பது நாட்காட்டிகளின் பொது மொழி. 1998-இல் வெளியாகி 2009-இல் திருத்தப்பட்ட தரம். அதன்படி ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு தனி அடையாளக் குறி உண்டு. அழைத்தவர் ஒருவர், மற்றவர்கள் அழைக்கப்பட்டவர்கள். அழைத்தவர் செய்யும் மாற்றமே எல்லாருக்கும் போகும். ஒத்திசைவுக் கருவி ஒன்று, நிகழ்வைப் பங்கேற்பாளர் பட்டியலோடு புதிய அடையாளக் குறியில் மறுபக்கத்தில் உருவாக்கினால், அந்தப் பக்கத்து மென்பொருள் அதைப் புதுச் சந்திப்பு என்று கருதி, பட்டியலில் உள்ள எல்லாருக்கும் மறுபடி அழைப்பு அனுப்பும். ஹாம்பர்க்கில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரே கூட்டத்துக்கு மூன்று அழைப்புகள் போனால், அவர் ஒன்றை மறுத்து ஒன்றை ஏற்பார். நீங்கள் எதை நம்புவீர்கள்? பங்கேற்பாளர்களுக்கு அழைப்பு அனுப்பு என்ற தெரிவு எங்கிருந்தாலும் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். உங்களுக்கு அது கூகுள் பக்கம். சோதிக்கும்போது வாடிக்கையாளரை வைத்துச் சோதிக்காதீர்கள். உங்கள் சொந்த முகவரிகள் இரண்டை வைத்துச் சோதியுங்கள்.

தொடர் நிகழ்வுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. வாரந்தோறும் புதன்கிழமை கூட்டம் என்பதை நாட்காட்டிகள் ஐம்பத்திரண்டு நிகழ்வுகளாக வைப்பதில்லை. ஒரு விதியாகவும், விதியிலிருந்து விலகிய நாள்களைத் தனிக் குறிப்பாகவும் வைக்கின்றன. பொங்கல் வாரத்தில் அந்த ஒரு கூட்டத்தை மட்டும் வியாழனுக்கு மாற்றினால் அது விலகல். பாலமாக இருக்கும் மென்பொருள் அந்த விலகலைச் சரியாக மொழிபெயர்க்காவிட்டால், மறுபக்கத்தில் புதன் கூட்டமும் வியாழன் கூட்டமும் சேர்ந்து நிற்கும். ஒரு தொடர் நிகழ்வை உருவாக்கி, ஒரு நாளை நகர்த்தி, ஒரு நாளை அழித்துப் பார்ப்பது இந்தச் சோதனையில் தவற விடக் கூடாத படி.

நேர மண்டலம் உங்களுக்கு மற்ற அலுவலகங்களைவிட முக்கியம், ஏனென்றால் ஐரோப்பா ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறது, நாம் மாற்றுவதில்லை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அந்த நாள்கள். ஜெர்மனியில் காலை 10 மணிக்கு நடக்கும் வாராந்தரக் கூட்டம் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. கூட்டத்தை ஜெர்மன் நேர மண்டலத்தில் உருவாக்கியிருந்தால் கூகுளும் அவுட்லுக்கும் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். இந்திய நேரத்தில் உருவாக்கியிருந்தால் கோடையிலும் நமக்கு 2.30-லேயே நிற்கும், அங்கே அவர் 10 மணிக்கு வந்து காத்திருந்துவிட்டுப் போயிருப்பார். வாடிக்கையாளர் ஐரோப்பாவில் இருந்தால் கூட்டத்தை அவருடைய நேர மண்டலத்திலேயே உருவாக்குங்கள். மண்டலத்தின் பெயரிலும் சிறு குழப்பம் உண்டு: கூகுளுக்கு அது ஆசியா/கொல்கத்தா, விண்டோஸுக்கு இந்தியா ஸ்டாண்டர்டு டைம், பழைய மென்பொருள்கள் இன்னும் ஆசியா/கல்கத்தா என்றே சொல்லும். மூன்றும் ஒன்றே, தரமான பாலங்கள் இதை அறியும். முழுநாள் நிகழ்வு, அதாவது தீபாவளி விடுமுறை போன்றது, காலை 5.30-க்குத் தொடங்குவதாகவோ இரண்டு நாளுக்குப் பரவியதாகவோ தெரிந்தால், அந்தப் பாலம் நாளை நேரமாக மாற்றிவிட்டது என்று பொருள். உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு நமக்கு 5.30. அப்படிப்பட்ட பாலத்தை மற்ற விஷயங்களிலும் நான் நம்ப மாட்டேன்.

மெர்ச்சண்டைசிங் மேலாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு வருவோம். அது உங்களுடையது அன்று, ஏஜென்சியுடையது. அவர்களுடைய நிர்வாகியின் அனுமதியின்றி எந்த ஒத்திசைவுக் கருவியையும் அதில் இணைக்கக் கூடாது, பெரும்பாலும் இணைக்கவும் முடியாது. கூகுள், ஆப்பிள் ஐகிளவுட், நெக்ஸ்ட்கிளவுட் போன்றவை கால்டேவ் என்ற 2007-ஆம் ஆண்டு நாட்காட்டித் தரத்தில் பேசுகின்றன. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் அதில் பேசுவதில்லை, தன் சொந்த வழிகளில்தான் பேசும். அவ்வழிகளில் பழையதான எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸை 2026 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆகவே யாராவது மலிவு விலையில் ஓர் அவுட்லுக் ஒத்திசைவுக் கருவியை உங்களிடம் விற்க வந்தால், அது எதன் மீது ஓடுகிறது என்று கேளுங்கள். புதிய அவுட்லுக் செயலி பழைய முறைச் செருகுநிரல்களை (ஆட்-இன்) ஏற்பதில்லை என்பதால், கூகுள் கணக்கை அவுட்லுக்கில் காட்டுவதற்குக் கூகுளே தந்த செருகுநிரலும் பழைய அவுட்லுக்கில்தான் வேலை செய்யும்.

தொடக்கத்தில் சொன்ன பார்வை இணைப்பு என்பது ஒரு சந்தா இணைப்பு. அவுட்லுக்கின் வலைப் பதிப்பில் நாட்காட்டி அமைப்புகளில் பகிரப்பட்ட நாட்காட்டிகள் என்ற இடத்தில் நாட்காட்டியை வெளியிட்டு, ஓர் ஐசிஎஸ் முகவரியை (நாட்காட்டிக் கோப்பின் இணைய இணைப்பு) பெற்று, கூகுள் காலெண்டரில் முகவரியிலிருந்து சேர் என்பதில் ஒட்டினால் அவருடைய ஏஜென்சிச் சந்திப்புகள் கூகுளில் தெரியும். கூகுள் பக்கத்தை உலாவியில்தான் செய்ய வேண்டும். கைபேசிச் செயலியில் அந்த வசதி இல்லை. ஆனால் இது பார்வை மட்டுமே, திருத்த முடியாது. மாற்றம் வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம், கூகுளே 12 மணி நேரம் வரை என்கிறது. காலையில் தள்ளிப்போட்ட பிற்பகல் கூட்டம் இதில் தெரியாமலே போகலாம். அந்த முகவரி தெரிந்த எவரும் நாட்காட்டியைப் பார்க்க முடியும் என்பதால், வெளியிடும்போது ஓய்வா வேலையா என்பது மட்டும் தெரியும் அளவிலேயே வையுங்கள். எதிர்த்திசையில், கூகுள் நாட்காட்டியை அவுட்லுக்கில் சந்தாவாகச் சேர்த்தாலும், அவர் ஓய்வாக இருக்கிறாரா என்று ஏஜென்சியின் மற்ற ஊழியர்கள் தேடும்போது அது கணக்கில் வராது. அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் மேலடுக்கு அது.

அதனால்தான் அழைப்பிதழே போதும் என்றேன். ஏஜென்சிக்கும் தெரிய வேண்டிய கூட்டத்தைக் கூகுளில் உருவாக்கும்போது மேலாளர் தம் மைக்ரோசாஃப்ட் முகவரியையும் ஒரு விருந்தினராகச் சேர்க்கட்டும். அழைப்பு மின்னஞ்சலாகப் போய், அதே அடையாளக் குறியோடு அங்குள்ள நாட்காட்டியில் உட்காரும்; நேரத்தை மாற்றினால் அங்கும் மாறும், ரத்து செய்தால் அங்கும் ரத்தாகும், அவருடைய நேரம் அங்கும் வேலை என்று காட்டும். ஏஜென்சி அழைக்கும் கூட்டங்களுக்கும் இரு முகவரிகளையும் சேர்க்கச் சொல்லலாம். எந்த மென்பொருளும் வாங்காமல், எவருடைய நிர்வாகியையும் கெஞ்சாமல் கிடைக்கும் பாலம் இது. இருபது ஆண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருப்பதால் இரு பக்கமும் நன்றாகப் பழகிய வழியும்கூட.

கைபேசிகளில் ஒரே ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள்: புதிய தொடர்பு எந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது என்பதை. ஆண்ட்ராய்டில் சாதனம் என்றோ சிம் என்றோ இருந்தால் அது எங்கும் போகாது. கைபேசி தொலைந்தால் அதோடு போகும். ஐபோனில் தொடர்புகளுக்கும் நாட்காட்டிக்கும் இயல்புக் கணக்கு தனித்தனியாக அமைக்கப்பட வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் ஒத்திசைவு சத்தமில்லாமல் நின்றுபோகும் சந்தர்ப்பங்கள் உண்டு. கடைசியாக எது மாறியது என்பதை அறிய மென்பொருள்கள் ஒரு குறியீட்டை வைத்திருக்கும். அது காலாவதியானால் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும், அப்போது சிறிது நேரம் தாமதம் தெரியும், பயப்பட வேண்டியதில்லை. கூகுள் கொடுத்த அனுமதி ஆறு மாதம் பயன்படாமல் இருந்தால் செல்லாததாகிவிடும். நீண்ட விடுப்பில் போய் வந்தவர்களுக்கு இது நேரலாம். ஊழியர் விலகும்போது அவர் கணக்கோடு அவர் கொடுத்த அனுமதியும் முடிகிறது. ஆகவே விலகும் நாளில், கணக்கை முடக்குவதற்கு முன், சிஆர்எம்மில் அவர் பெயரில் உள்ள பதிவுகளை மற்றொருவருக்கு மாற்றி, அவருடைய ஒத்திசைவைச் சிஆர்எம் பக்கத்திலிருந்து நிறுத்தி, அதன் பிறகே கைபேசியிலிருந்து கணக்கை நீக்கச் சொல்லுங்கள். கணக்கை நீக்கினால் கைபேசியிலிருந்த பெயர்கள் தாமே போய்விடும். ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுத்து அழிக்க வேண்டியதில்லை, அழிக்கவும் கூடாது என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.